தங்காயி முகம் போட்ட மசாலாக் கவர்

போன மாதம் டீக்கடையில் ஒரு பிஸ்கட் கம்பெனி சேல்ஸ்மேன் என்னிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். கைபேசியில் ஏதோ செய்தி படித்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னையும் விடவில்லை. அமெரிக்காவில் ஒரு பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் சின்ன ஊர் டீமை விட்டுப் பெரிய ஊர் டீமுக்குப் போகப் போகிறார் என்று வதந்தியாம். போனால் ஷூ கம்பெனி, குளிர்பானக் கம்பெனி எல்லாம் அவர் வீட்டு வாசலில் வரிசை கட்டி நிற்குமாம்.

“ஆட்டம் அதே ஆட்டந்தானுங் பாய். ஊரு பெருசானா மொகத்துக்கு மதிப்பு கூடிருது. இதெல்லாம் உங்க காலத்துல ஏதுங்க?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “ஏதுங்களா? உக்காருங்க தம்பி” என்று அவருக்கு இன்னொரு டீ சொல்லி உட்கார வைத்தேன். பாவம், பாதிக் கதையில் லைன் கடைகளைப் பார்க்க நேரமாகிவிட்டது என்று எழுந்து ஓடிவிட்டார். அவருக்குச் சொல்லாமல் விட்ட மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு மசாலாத்தூள் கம்பெனியில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்து, சேல்ஸ் மேனேஜராக ஓய்வு பெற்றவன். மேனேஜர் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். எனக்குக் கீழே வேலை பார்த்தது ஒரு வேன் டிரைவர் மட்டும்தான். அவரும் நான் சொன்னதைக் கேட்டதில்லை. முதலாளி கரீம் ராவுத்தர். மக்காவுக்குப் போய்வந்த பிறகு ஊரே அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். கொல்லிமலையிலிருந்து மிளகும் கீழேயிருந்து மல்லியும் மஞ்சளும் வாங்கி அரைத்து, பாக்கெட் போட்டு, சேந்தமங்கலம், ராசிபுரம், நாமக்கல் என்று சுற்றியுள்ள ஊர்களில் விற்போம். ஈரோட்டுப் பக்கம் கொஞ்சம் நீட்டிப் பார்த்தோம். அதற்கு அப்பால் எங்களை ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

தொழில் பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு மலைப் பஸ்ஸில் ஏறுவேன், வளைவுகளில் வாந்தி எடுப்பேன், மேலே போய் முகம் கழுவிக்கொண்டு வியாபாரம் பேசுவேன். ஒரு வருஷத்தில் வாந்தி நின்றது, வியாபாரம் வந்தது. அவ்வளவுதான்.

ஹாஜியார் கற்றுக்கொடுத்த முறை ஒன்று உண்டு. கடைக்குள் போனதும் பேசக் கூடாது. ஒரு பாக்கெட்டைக் கிழித்து, கடைக்காரர் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கொட்ட வேண்டும். அவர் முகர்ந்து பார்ப்பார். முகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மாறினால் ஆர்டர் புத்தகத்தை எடுக்கலாம். மாறாவிட்டால் அந்தக் கடையில் அன்று பேசிப் பயனில்லை, சலாம் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். “நம்ம தூளு பேசட்டும், நீ பேசாத” என்பார். வாயாடியான எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரியும்.

அவருடைய கோபமும் தனி ரகம். கத்தமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காரு ஜமாலு” என்பார். டீ வரவழைப்பார். வீட்டில் எல்லாரும் சுகமா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று விசாரிப்பார். டீ பாதி குடிக்கும்போது மெதுவாக விஷயத்தை எடுப்பார். அதனால் எங்கள் கம்பெனியில் ஹாஜியார் சொன்ன டீயை யாரும் முழுசாகக் குடித்ததில்லை.

தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது வாக்கில் வெளியூர்ப் பெரிய கம்பெனிகள் டிவியில் நடிகைகளைக் காட்டி மசாலா விற்க ஆரம்பித்தார்கள். கடைகளில் எங்கள் பாக்கெட் சரம் தொங்கிய ஆணியில் அவர்கள் சரம் தொங்கியது. நாங்களும் ஏதாவது ஒரு முகத்தைப் போட்டாக வேண்டும் என்று ஆனது. அந்தச் சமயத்தில்தான் ஹாஜியாரும் நானும் நாமக்கல்லில் ஒரு பாஸ்கெட்பால் போட்டி பார்க்கப் போனோம். பந்தைப் பற்றி எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. அங்கே கூட்டத்துக்கு டீ விற்ற நண்பர் ஒருவர் கூப்பிட்டதால் போனோம்.

அங்கேதான் தங்காயியைப் பார்த்தோம். கொல்லிமலைப் பெண். சேலம் பக்கத்து நூல் மில் ஒன்றின் பெண்கள் டீமில் ஆடிக்கொண்டிருந்தாள். இருபது வயசு இருக்கும். கூட்டத்தில் எல்லாரையும் விட ஒரு தலை உயரம். பந்து அவள் கைக்கு வந்ததும் மைதானமே “தங்காயீ, தங்காயீ” என்று எழுந்து நின்றது. நாமக்கல் வியாபாரிகள், காலேஜ் பெண்கள், கோழிப்பண்ணை லோடுமேன்கள், எல்லாருக்கும் அவள் சொந்தக்காரி மாதிரி. ஹாஜியார் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நடிகையப் போட்டா ‘யாரு அழகு’ம்பான். இந்தப் புள்ளையப் போட்டா ‘நம்ம புள்ள’ம்பான்” என்றார் வரும் வழியில்.

மில்லிலும் தங்காயியிடமும் பேசி முடித்து, அவள் படத்தைக் கவரில் போட்டோம். சிவகாசியில் ஒரு நிறத்துக்கு ஒரு உருளை என்று செதுக்கி அச்சடிப்பார்கள். எல்லா உருளையும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழ வேண்டும். முதல் தடவை வந்த மாதிரிக் கவரில் சிவப்பு நகர்ந்து உதடு கன்னத்துக்குப் போய்விட்டது. தங்காயியிடம் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள். “பாய்மாமா, இதையே போடுங்க. எதிர் டீம்காரிங்க பயந்துக்குவாங்க” என்றாள்.

கவர் கடைக்கு வந்ததும் எங்கள் பக்கத்து ஊர்களில் சும்மா சொல்லக் கூடாது, பறந்தது. “தங்காயி பாக்கெட் குடுங்க” என்று கேட்டு வாங்கினார்கள், கம்பெனி பெயரையே மறந்துவிட்டார்கள். அதே கவரை ஈரோட்டுக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஏனுங் பாய், இது யாருங்க? உங்க மொதலாளி புள்ளைங்களா?” என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. இத்தனைக்கும் ஈரோடு ஒன்றும் கடல் தாண்டி இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சீக்கிரமே பார்த்தேன். சென்னையில் ஒரு அரசாங்க டிபார்ட்மென்ட் டீம் தங்காயியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கூடவே ஒரு சோப்புக் கம்பெனியின் விளம்பர ஆள் எங்கள் கடைக்கு வந்தார். இங்கே அவளுக்கு எங்களோடு ஏதாவது கட்டுப்பாடு உண்டா என்று விசாரித்தார். ஹாஜியார் இல்லையென்று சொல்லிவிட்டு, “அப்ப நீங்களும் போடுங்களேன்” என்றார்.

“இங்க ஆடுற வரைக்கும் எங்களுக்கு வேணாம் சார். மெட்ராஸ் டீமுக்கு வந்தா பேசலாம்.”

“பந்து அதே பந்துதானே தம்பி?”

“பந்து அதேதான் சார். பாக்குற ஜனம் வேற” என்று சிரித்தார் அவர்.

அவர் போன பிறகு ஹாஜியார் கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். எனக்கோ கோபம். நாங்கள் பார்க்கிற கண் கண்ணில்லையா என்ன?

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால்தான் வினை வந்தது. பேளுக்குறிச்சிச் சந்தை நாள். நான் சந்தைக்குள் நுழையும்போதே வெங்காயக் கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். “தெரியுங்களா பாய்? தங்காயி ஊட்டுல பெரியசாமி கோயில்ல பூ கேட்டாங்களாம். வலப்பக்கம் குடுத்திருச்சாம்!”

எங்கள் பக்கத்தில் பூ கேட்பது என்றால் தெரியாதவர் கிடையாது. நல்லதோ கெட்டதோ, முடிவு எடுக்க முடியாதபோது சாமி சிலைமேல் நனைந்த பூவை வைத்து, கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்டுவிட்டு நிற்பார்கள். பூ வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். கேட்டது பலிக்கிற வரை என்ன கேட்டோம் என்று வெளியே சொல்லக் கூடாது. பக்கத்தில் நிற்கும் பூசாரிக்குக்கூடத் தெரியாது. அதனால் பூ எந்தப் பக்கம் விழுந்தது என்று ஊரெல்லாம் தெரிந்துவிடும், எதற்காக விழுந்தது என்று மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாததை ஊரே நிரப்பிக்கொள்ளும்.

அன்றும் அதுதான் நடந்தது. வெங்காயக் கடையில் “பூ கேட்டாங்களாம்” என்று இருந்தது, வாழைத்தார் ஏலத்துக்குள் “மெட்ராஸ் டீமுக்குப் போறதுக்குத்தான் கேட்டாங்களாம்” ஆனது. நான் ராசிபுரம் போய்ச் சேர்ந்தபோது அவள் சென்னையில் கையெழுத்தே போட்டுவிட்டாள். நாமக்கல்லில் ஒருவர் அவளுக்குச் சென்னையில் வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றும், அதில் எத்தனை ரூம் என்றும் சொன்னார். கேட்கக் கேட்க எனக்குப் பயம் கூடியது. காரணம் இருந்தது. மில்லில் அந்த மாதம்தான் விளையாட்டுக்காரர்களில் சிலருக்கு வேலையை நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள். தங்காயி பெயர் அதில் இருந்தது. போகிறவளுக்கு எதற்கு நிரந்தரம் என்று அவர்கள் நினைத்துவிட்டால்? சென்னைக்காரர்கள் வாய்ப்பேச்சாகத்தான் கூப்பிட்டிருந்தார்கள், ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கவில்லை. மில்லும் போய் மெட்ராஸும் இல்லையென்றால் அந்தப் பெண் பந்தை வைத்துவிட்டு மலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மறுநாள் ஹாஜியார் எனக்கு டீ சொன்னார். பிள்ளைகளை விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். மில் லேபர் ஆபீசர் போன் செய்திருக்கிறார். “உங்க மசாலாப் பொண்ணு எங்களை ஏமாத்திட்டுப் போகப் பாக்குது ஹாஜியார்” என்றிருக்கிறார். எங்களுக்கோ சிவகாசியில் புதுக் கவருக்கு உருளை செதுக்கச் சொல்லும் நேரம். முகத்தை வைப்பதா எடுப்பதா என்று நாங்கள் சொல்லியாக வேண்டும்.

“நாம இப்ப மொகத்த எடுத்துட்டா, ஊரு என்ன சொல்லும்?” என்று கேட்டார்.

“போறது உறுதின்னு சொல்லும்.”

“மில்லுக்காரன்?”

“கேக்கவே வேணாம்.”

“அப்ப மலைக்குப் போயிட்டு வா. அவங்க பூ கேட்டதப் பத்தி நீ கேக்காத. அது அவங்களுக்கும் அவங்க சாமிக்கும் உள்ளது. போகுதா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும்” என்றார்.

மலைக்கு ஏறும் முன் மில்லுக்குப் போய்த் தங்காயியைப் பார்த்தேன். மைதானத்து ஓரம் உட்கார்ந்து முழங்காலில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். “அடி பட்டுச்சா கண்ணு?” என்றேன். ஆடும்போது முட்டி திரும்பி வீங்கியதென்றும், இப்போது வற்றிவிட்டதென்றும், நிர்வாகத்துக்குத் தெரியாதென்றும் சொன்னாள். தெரிந்தால் உட்கார வைத்துவிடுவார்கள். எழுந்து குதித்தும் காட்டினாள்.

“மெட்ராஸ் போறியாமே?”

“அம்மா சரின்னா போவேனுங் பாய்மாமா. வேண்டாமுன்னா இங்கயே ஆடறேன். ரெண்டுல எங்கயாச்சும் ஆடோணும். ஆட்டம் இல்லாம என்னால முடியாதுங்க.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மலையில் அவள் வீடு, பஸ் நிற்கும் செம்மேட்டிலிருந்து உள்ளே நடக்கிற தூரம். அம்மா வெள்ளையம்மாள் மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “வாங் பாய். என்ற புள்ள நல்லா இருக்கறாளுங்களா?” என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் பலாச்சுளை கொண்டுவந்து வைத்தார். தங்காயியின் அப்பா வயல் வேலைக்குப் போயிருந்தார். மதியச் சோறு தின்னாமல் போகக் கூடாது என்று சொல்லி, அடுப்பில் குழம்பு கொதிக்க வைத்தார். நானும் பூவைப் பற்றிக் கேட்காமல், மெட்ராஸைப் பற்றி எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டு சுளையாகத் தின்று தீர்த்தேன்.

குழம்புக்குத் தூள் வேண்டுமே என்று என் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தேன். கைப்பழக்கம். கிழித்து, அவர் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கொட்டி, மீதியைச் சட்டியில் தட்டிவிட்டு, கவரை வாசல் பக்கம் வீசினேன்.

“அய்யோ, கீழ போடாதீங் பாய்!”

கையிலிருந்த தூளைக்கூடச் சிந்தவிட்டு ஓடினார். கவரை எடுத்து, முந்தானையால் துடைத்து, கூரைக் கழியில் செருகினார். அப்போதுதான் பார்த்தேன். கூரையின் உள்பக்கம் முழுவதும் எங்கள் கவர்கள். கழுவிக் காயவைத்து மடித்தவை, கிழிந்தவை, சேறு போகாதவை. எல்லாவற்றிலும் தங்காயி.

“எம்புள்ள மொகமுங்க அது” என்றார். அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. “சந்தைக்கு வந்தா தல நிமிந்து நடக்கறதில்லீங் பாய். கீழயே பாத்துட்டு நடக்கறேன். சாக்கடையில கெடக்கறா, மாட்டுக் காலுல கெடக்கறா, பஸ்ஸு டயருல ஒட்டீட்டுப் போறா. பஸ்ஸு வர்ற வரைக்கும் பொறுக்குவேன். பொறுக்கித் தீருங்களா? இப்படி அத்தன பேரு மிதிச்சா புள்ளைக்கு ஆகுமா? அதுக்கேத்த மாதிரி முட்டி வீங்கிருச்சு. அதனாலதான் பெரியசாமிகிட்டப் போயி நின்னேன். மொகத்த மிதிக்கறதுனால எம்புள்ளைக்குக் கெடுதல் இல்லீன்னா வலப்பக்கம் குடு சாமின்னு கேட்டேன். குடுத்திருச்சு. முட்டியும் நல்லாயிருச்சு. இனி வெளிய சொன்னாத் தப்பில்லீங்க.”

மாவட்டமே பேசிய பூ இதற்காகத்தான் விழுந்தது.

“சாமிதான் கெடுதல் இல்லீன்னு சொல்லிருச்சேம்மா” என்றேன்.

“சொல்லிருச்சுங்க. என்ற மனசு கேக்கலீங்களே.” மூக்கைச் சிந்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். “மெட்ராசுக்கு அனுப்பச் சொல்லி ஆளு வந்துச்சுங்க. அங்க சோப்புக் கவருல போடுவாங்களாமே. நம்ம சந்தைக்கே இப்படி. மெட்ராசுல எத்தன காலு பாய் இருக்கும்? நான் அங்க போயிப் பொறுக்க முடியுங்களா? அனுப்ப மாட்டேனுட்டேன்.”

அந்தச் சோப்புக் கம்பெனி ஆள் ஜனத்தைக் கண்ணாக எண்ணினார். இந்த அம்மா காலாக எண்ணுகிறார்.

இறங்கி வந்து ஹாஜியாரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கடை வாசலில் நின்றார். வாசல் படியிலேயே ஒரு கவர் கிடந்தது. குனிந்து எடுத்து, தூசி தட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

“என்ற மகளா இருந்தா நான் போட்டிருப்பனா ஜமாலு?” என்றார்.

சிக்கல் இப்போது முன்னைவிட மோசம். முகத்தை எடுத்தால் அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் வதந்திக்கு நாங்களே முத்திரை குத்தின மாதிரி ஆகும், மில் வேலை போகும். வைத்தால் வேலை நிலைக்கும், அந்த அம்மா இன்னும் ஒரு வருஷம் சந்தையில் குனிந்து நடக்க வேண்டும். உண்மையைச் சொல்லி வதந்தியை அடக்கலாம் என்றால் முட்டி வீங்கிய கதையும் வெளியே வரும். அதற்கும் மில்லில் பெயரை அடித்துவிடுவார்கள்.

அடுத்த நாள் ஹாஜியார் என்னையும் கூட்டிக்கொண்டு மில்லுக்குப் போனார். லேபர் ஆபீசர் எடுத்த எடுப்பில், “அப்ப எதுக்குத்தான் பூ கேட்டாங்க?” என்றார்.

“எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஒரு தாய் சாமிகிட்டக் கேட்டதை உங்க ஆபீசுல வந்து ஒப்பிக்கறது மொறையில்லைங்க” என்றார் ஹாஜியார். “மெட்ராசப் பத்தி இல்லைங்கறது மட்டும் நெசம். அந்தப் புள்ள ஒருநாளும் போகாதுன்னு நான் சொல்லலை. போறதுன்னா உங்ககிட்டச் சொல்லிட்டு, சிரிச்ச மொகமாத்தான் போகும். அதுக்கு நான் பொறுப்பு. நீங்க வேலைய விட்டு எடுத்தாலும் வெச்சாலும் சரி, என்ற கவர்ல அந்தப் புள்ளதான் இருக்கப்போகுது.”

ஆபீசர் நாற்காலியில் சாய்ந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார். புதுக் கவரிலும் தங்காயிதான் என்றதும் அவர் முகம் இளகியதை நான் கண்ணால் பார்த்தேன். வியாபாரி சும்மா துட்டைக் கொட்டமாட்டான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அந்த மாதமே தங்காயிக்கு வேலை நிரந்தரமானது.

திரும்பும்போது வேனில் கேட்டேன். “மில்லு சரியாச்சு. அந்தம்மா?”

ஹாஜியார் சட்டைப் பையிலிருந்த கவரை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். ராசிபுரம் தாண்டியதும் சொன்னார். “நாமளே பொறுக்கிருவோம்.”

அப்படித்தான் அந்தத் திட்டம் பிறந்தது. காலிக் கவர் பத்து கொண்டுவந்தால் ஒரு எவர்சில்வர் ஸ்பூன். அந்தக் காலத்தில் எத்தனையோ கம்பெனிகள் இப்படிக் கொடுத்தன. ஆனால் அவர்களுக்குக் கவர் சுத்தமாக, கிழியாமல் இருக்க வேண்டும். எங்கள் விளம்பரத் தட்டியில் ஹாஜியார் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: கிழிந்திருந்தாலும் அழுக்காக இருந்தாலும் எடுத்துக்கொள்ளப்படும். டீலர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். “சாக்கடையில கெடக்கறத எல்லாம் கொண்டாந்து குடுப்பாங்க பாய்!” என்று கத்தினார்கள். “குடுக்கட்டும்” என்றேன். அவர்களுக்குக் காரணம் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. ஹாஜியாருக்குக் கிறுக்கு என்று சிலரும், பலே வியாபாரி என்று சிலரும் பேசிக்கொண்டார்கள்.

கவர்கள் வந்தன. வேனில் சரக்கு இறக்கிய இடத்தில் கவர் மூட்டையை ஏற்றிக்கொண்டு வருவேன். டிரைவர், “போகும்போது வாசமா போறோம், வரும்போது குப்பை வண்டியாட்டம் வாரோம்” என்று முணுமுணுப்பார். சந்தை முடிந்த மண்ணைப் பார்த்தால் மற்ற எல்லாக் கம்பெனிக் கவரும் கிடக்கும், தங்காயி கிடக்கமாட்டாள். ஸ்பூன் ஆசை அப்படி. எங்கள் மார்க்கெட் சின்னது. நாலைந்து பஸ் ரூட்டுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் போட்ட முகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள எங்களால் முடிந்தது. எந்தப் பெரிய கம்பெனியாலும் சென்னையில் அதைச் செய்திருக்க முடியாது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

வந்த மூட்டைகளை என்ன செய்வது என்று மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. எரித்துவிடலாம் என்றேன். “உசுரோட இருக்கற புள்ள மொகத்துக்கு எப்படியப்பா நெருப்பு வெக்கறது?” என்றார் ஹாஜியார். புதைக்கலாமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். குடோனில் மல்லி மூட்டைகளை வெளியே தள்ளிவிட்டுக் கவர் மூட்டைகள் உட்கார்ந்தன. ஒரு வருஷம் போயிற்று.

மறு வருஷம் சென்னை டீம் இந்த முறை காகிதத்தோடு வந்தது. நல்ல வேலை, அகில இந்தியப் போட்டிகள். தங்காயி ஹாஜியாரிடம் வந்து அழுதாள். அம்மா அசையவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். “அவங்க மனசுக்குள்ள போயி நான் பேச முடியாது கண்ணு” என்று சொல்லி அனுப்பிவிட்டார். சென்னைக்காரர்கள் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் வேறு வேலையாகத்தான் வெள்ளையம்மாளை வரச் சொன்னோம். குடோனில் இனி இடம் இல்லை. அவருடைய மகள் முகம், மூட்டைகளை என்ன செய்வதென்று அவரே சொல்லட்டும் என்பது ஹாஜியாரின் எண்ணம். சந்தை நாளில் மிளகு விற்க இறங்கியவரை நான் அழைத்துவந்தேன். நீங்கள் சொன்னதைக் கேட்ட பிறகுதான் இந்த ஸ்பூன் திட்டமே, இப்போது சந்தையில் கவர் கிடக்காதது அதனால்தான், எல்லாவற்றையும் கீழே விடாமல் எடுத்துவிட்டோம் என்று வழியில் சொன்னேன். அவர் நம்பாமல் என்னையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

குடோன் கதவைத் திறந்தோம். தரையிலிருந்து ஓடு வரை மூட்டைகள். வெள்ளையம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு ஒரு மூட்டை வாயை அவிழ்த்து, உள்ளே கையை விட்டு அள்ளினார். ஒன்றில் கருவேப்பிலை ஒட்டியிருந்தது. ஒன்றின் பின்னால் யாரோ சோப்புப் போட்டுக் கழுவிய வாசம். ஒன்றில் மகள் நெற்றியில் யாரோ ஒரு குழந்தை பேனாவால் பொட்டு வைத்திருந்தது. எடுத்து எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“கொழம்பு வாசம் அடிக்குதுங் பாய்” என்றார்.

“ஆமாம்மா. எல்லாம் சமைச்சுட்டுக் குடுத்ததுதானே.”

“இத்தனையும் ஒவ்வொரு ஊட்டுலருந்து வந்ததுங்களா?”

“ஒவ்வொரு ஊட்டுலருந்துந்தான்.”

மூட்டைகளை அண்ணாந்து பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார், எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை. “கீழ கெடக்கறத மட்டுமே பாத்தேனுங்களே. இத்தன ஊட்டு அடுப்படிக்கும் போயிருக்கறாளே எம்புள்ள” என்றார். ஹாஜியார் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதையெல்லாம் என்ன செய்யலாம் என்று கேட்க வாயெடுத்தார். வெள்ளையம்மாள் அதற்குள் என் பக்கம் திரும்பினார்.

“மெட்ராசுல இதவிட ஊடு ஜாஸ்திங்களா பாய்?”

“ரொம்ப ஜாஸ்திம்மா.”

“அப்பப் போகட்டுமுங்க” என்றார்.